முந்திரிக்கு ஓர் எண்: புதுக்கோட்டைக் கல்லெழுத்தும் கணினியெழுத்தும்

'புதுக்கோட்டை' என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? இலக்கணம் பயின்றவர் தயங்காமல் ஆறு என்பார்: பு, து, க், கோ, ட், டை. கணினி பன்னிரண்டு என்கிறது. சில வேளைகளில் பதின்மூன்று என்கிறது. அதைச் சேமிக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டால் 36 பைட்டு என்றோ 39 பைட்டு என்றோ விடை வரும். இவ்விடைகள் எல்லாமே சரியானவை என்பதுதான் வேடிக்கை.

ஒருங்குறி எனப்படும் யுனிகோடு முறையில் 'பு' என்பது ப என்னும் எழுத்தும் உகரக் குறியுமாக இரண்டு எண்கள். புள்ளிக்கும் தனி எண் உண்டு. ஆகவே 'க்' என்பதும் இரண்டு. இப்படி ஆறு எழுத்தும் பன்னிரண்டாகின்றன. பதின்மூன்றாவது 'கோ'வில் ஒளிந்திருக்கிறது. ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் இடலாம். இரட்டைக்கொம்பு ஓரெண், கால் ஓரெண் எனப் பிரித்தும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் சமம் என்று ஒருங்குறி விதியே சொல்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சீராக்கும் வழியையும் சொல்கிறது. ஆனால் இணையதளம் அமைப்பவர் அந்தச் சீராக்கும் வரியைத் தம் நிரலில் சேர்க்க மறந்தால், ஒரு 'கோட்டை'யைத் தேடுபவருக்கு மற்றொரு 'கோட்டை' அகப்படாது. நூலகப் பட்டியலில் நூல் இருக்கும். தேடினால் இல்லை என்று வரும்.

ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகளில் இது வேறொரு வேடம் பூண்டது. அதன் பழைய கோப்பு முறைமை, கோப்புப் பெயரில் வரும் 'கோ'வை எப்போதும் பிரித்தே எழுதிவைத்தது. 'கோயில்' என்று பெயரிட்ட படமொன்றை அங்கிருந்து லினக்ஸ் வழங்கிக்கு ஏற்றினால், பக்கம் சேர்ந்த 'கோ'வைத் தேடும், வழங்கியில் பிரிந்த 'கோ' கிடக்கும், படம் வராது. 2017-இல் அந்நிறுவனம் கோப்பு முறைமையை மாற்றியபின், கொடுத்த பெயர் கொடுத்தபடியே இருக்கிறது. அதனால் பழையதும் புதியதும் கலந்த தொகுப்புகளில் குழப்பம் இன்னொரு சுற்று வந்தது. கோப்புக்கு ரோமன் எழுத்தில் பெயரிடுங்கள் என்று இணையதள வல்லுநர் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழ்ப்பகை அன்று.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எது எழுத்து, அது எத்தனை, எந்த வரிசையில் நிற்கும் என்பவை நம் இலக்கணத்தின் முதற் கேள்விகள். தொல்காப்பியம் தொடங்குவதே எழுத்தின் எண்ணிக்கையைச் சொல்லித்தான். அக்கேள்விகளுக்குக் கடந்த 40 ஆண்டுகளில் விடை எழுதியவர்கள் புலவர்கள் அல்லர். பொறியாளர்களும், அலுவல் முடிந்த இரவுகளில் எழுத்துரு வரைந்த தன்னார்வலர்களும், இயங்குதளத்தை விற்ற நிறுவனங்களும். அவ்விடைகளின் பயனையும் பிழையையும் புதுக்கோட்டை மாவட்டத்துக் கற்களைப்போல் சோதித்துக்காட்டும் உரைகல் வேறில்லை என்பது என் எண்ணம்.

*

சித்தன்னவாசல் மலைமேல் ஏழடிப்பட்டத்தில், சமணத் துறவியர் படுக்கையருகே, தமிழ்-பிராமிக் கல்வெட்டு உள்ளது, கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது. மெய்யெழுத்தையும், அகரமேறிய உயிர்மெய்யையும், ஆகாரமேறியதையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது என்பதில் தமிழ்-பிராமி ஒரே நிலையில் இருந்ததில்லை. ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட தம் பெருநூலில் அதை மூன்று முறைகளாக வகுத்தார். மூன்றாவதில்தான் புள்ளி வருகிறது. குறியேற்றம் மூன்று முறை மாறியது என்று இன்றைய நிரலாளர் இதைச் சொல்வார். பழைய முறையில் எழுதியதைப் புதிய முறையில் படித்தால் சொல் பிறழும் என்பதும் அவருக்குப் புதிதாக இராது.

பின்னர் வந்த சோழர், பாண்டியர் காலக் கற்றச்சர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டவில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும். எது எது என்று சூழலறிந்து கொள்வது வாசிப்பவன் பொறுப்பு. ஓலையிலும் அதே நிலை. அச்சு வந்தபின் வார்த்த ஈயத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரு வேண்டியதாயிற்று. 1929-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த 1130 கல்வெட்டுகளின் வாசகங்களைத் தொகுத்து அச்சிட்டபோது, கல் விட்ட புள்ளிகளைப் பதிப்பு இட்டது. அத்தொகுதி இன்றும் இம்மாவட்ட வரலாற்றாய்வின் முதுகெலும்பு.

அந்த அச்சில் ணா, றா, னா, லை, னை முதலியவை பழைய கூட்டு வடிவத்தில் இருக்கும். பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்தத்தில் 13 எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் ஏற்றது. கணினி இந்த மாற்றத்தை எழுத்து மாற்றமாகவே கருதவில்லை. பழைய றாவுக்கும் புதிய றாவுக்கும் ஒருங்குறியில் ஒரே எண்கள்தாம்; வடிவத்தைத் தேர்வது எழுத்துருவின் வேலை. சீர்திருத்தத்துக்காக நடந்த பூசல்களை நினைக்கையில் இந்த அலட்சியம் எனக்குப் பிடித்தே இருக்கிறது.

*

1980களின் நடுவில் ஆளுக்கொரு தமிழெழுத்துரு தோன்றியது. கனடாவில் சீனிவாசனின் ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, 1990களில் சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை என்று அந்தப் பட்டியல் நீளும். ஆங்கில எழுத்துகளுக்கு ஒதுக்கிய எண்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைப்பதே எல்லோரும் பின்பற்றிய உபாயம். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலமே. எழுத்துரு என்னும் முகமூடியால் தமிழாகத் தெரியும். ஈழத்தமிழரிடையே பரவி நம் பள்ளிக் கேள்வித்தாள் வரை வந்த பாமினியும் இவ்வகையே. முகமூடி இல்லாத கணினியில் திறந்தால் அரைப்புள்ளிகளும் ரோமன் எழுத்துகளும் கலந்த அலங்கோலம்.

எழுத்துருவுக்கு எழுத்துரு எண்கள் வேறு. ஆகவே பொது உடன்பாடு ஒன்று வேண்டும் என்று 1997-இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் விளைவாக டேப், டேம் என்னும் இரு குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அரசின் ஒப்புதல் பெற்றன. புலம்பெயர்ந்த தன்னார்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கிய திஸ்கி மற்றொரு பக்கம் வளர்ந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்களையும் பிறவற்றையும் திஸ்கியில் ஏற்றியது.

திஸ்கியின் வரலாற்றில் ஒரு சிறு நிகழ்வை மட்டும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். அதன் 1.6 பதிப்பில் 'இ' என்னும் உயிரெழுத்துக்கு 173 என்ற இடம் தரப்பட்டது. உலகப் பொதுவான இலத்தீன் அட்டவணையில் அந்த 173 மென்கோடு; சொல் வரியிறுதியில் உடைந்தால் மட்டும் தோன்றி, மற்ற நேரங்களில் மறைந்திருக்க வேண்டிய கோடு. எழுத்துருவை மட்டும் நம்பிய மென்பொருளில் 'இ' ஒழுங்காக நின்றது. அட்டவணையை மதித்து நடந்த மென்பொருளில் அது மென்கோடாகக் கருதப்பட்டு மறைந்துபோனது. உலாவியைப் புதுப்பித்தவரின் பக்கத்தில் 'இலக்கியம்' 'லக்கிய'மாயிற்று. 'இல்லை' என்ற சொல் 'ல்லை' என்று நின்றது. 1.7 பதிப்பில் இகரத்தை 254-ஆம் இடத்துக்குக் குடிபெயர்த்தார்கள். அதற்குள் பழைய இடத்தில் எழுதிக் குவித்த பக்கங்கள் எத்தனையோ. மாற்றி எழுதும் நிரல் செய்தவர்கள் இரண்டு இடத்தையும் இகரமாக ஏற்கும்படி எழுத வேண்டியிருந்தது.

*

யுனிகோடின் முதற் பதிப்பு 1991-இல் வந்தது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். நம் எழுத்தோ 247. இந்திய அரசின் தரநிலைக்காக வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் பொதுச் சட்டகத்தின் 1988ஆம் ஆண்டு வடிவை எடுத்து, தேவநாகரிக்கும் வங்காளத்துக்கும் தமிழுக்கும் ஒரே அச்சில் இடம் பிரித்தார்கள். பிற மொழிகளில் வல்லினத்துக்கு நான்கு வடிவம், தமிழில் ஒன்று. ஆகவே நம் பகுதியில் நடுநடுவே காலி மனைகள்.

இந்தச் சட்டகம் நெடுங்கணக்கைக் குலைத்தது. தொல்காப்பியம் கடைசியில் நிறுத்திய னகரம், இங்கே நகரத்துக்கும் பகரத்துக்கும் இடையே 2985-இல் நிற்கிறது. றகரம் ரகரத்தின் அண்டைவீட்டில். ளகரம் ழகரத்துக்கு முன்னே. புள்ளியின் எண் 3021. கால், கொம்பு எல்லாவற்றுக்கும் பின்னே. எனவே எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் தரவுத்தளத்தில் 'கண்' என்னும் சொல் 'கணை'க்கும் பின்னால் போய் விழும். அகராதி ஒன்றை இணையத்தில் ஏற்ற முனைந்தவர் எவரும் முதல் நாளிலேயே இதில் இடறியிருப்பார். தீர்வு இல்லாமல் இல்லை. தமிழுக்கான அகரவரிசை விதிகள் தனியே வகுக்கப்பட்டுள்ளன. வரிசைப்படுத்தும்போது தமிழ் என்று மொழியைக் குறிப்பிட்டால் உலாவிகளும் தரவுத்தளங்களும் அவ்விதியைப் பின்பற்றுகின்றன. ஒரு சொல் சேர்த்தால் போதும். அந்த ஒரு சொல்லைச் சேர்க்காத பட்டியல்கள் ஏராளம் என்பதை, னகரத்தில் தொடங்கும் சொல் தமிழில் இல்லாதது ஓரளவு மறைத்து வருகிறது.

யுனிகோடு கொண்டுவந்த பெரிய மாற்றம் வேறு. திஸ்கியிலும் பாமினியிலும் கண்ணில் படும் வடிவத்துக்கு எண். யுனிகோடில் ஒலிக்கு எண்; வடிவமாகக் கோத்துத் தருவது இயங்குதளத்தின் கடமை. 'கெ' என்பதில் ககரம் முதலில், கொம்பு பின்னர் எனச் சேமித்து, கொம்பை முன்னே கொண்டுவந்து காட்ட வேண்டும். கற்றச்சன் காலத்தில் வாசகன் தலையில் இருந்த சுமையைக் கணினிக் காலத்தில் இயங்குதளத்தின் தலையில் வைத்தார்கள். அந்த இயங்குதளம் எவருடைய மேசையில் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்பதே தமிழின் தலையெழுத்தாயிற்று.

மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ் 2000 தான் தமிழ் யுனிகோடைக் கோக்கத் தெரிந்த அந்நிறுவனத்தின் முதல் இயங்குதளம். லதா எழுத்துரு அதனுடன் வந்தது. 2001-இல் வந்த எக்ஸ்பியிலும் அந்த ஆற்றல் இருந்தது, ஆனால் உறங்கிக்கொண்டிருந்தது. கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குள் சென்று, 'சிக்கலான வரிவடிவங்கள்' என்ற கட்டத்தில் குறியிட்டு, கேட்கும்போது எக்ஸ்பி குறுந்தகட்டை நுழைத்து, மறுதொடக்கம் செய்தால்தான் அது விழிக்கும். சிற்றூர்களின் இணைய மையங்களில் அந்தக் குறுந்தகடு இருப்பது அரிது. அதனால் ஒரே பக்கம் ஓரிடத்தில் தமிழாகவும் மற்றோரிடத்தில் வெறுங்கட்டங்களாகவும் தெரிந்தது. மாலனின் 'திசைகள்' 2003-இல் யுனிகோடிலேயே இதழ் தொடங்கியது எவ்வளவு துணிவான செயல் என்பது இந்தப் பின்னணியில்தான் விளங்கும்.

விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களின் பாடு இன்னும் கடினம். அவர்களுக்கு இரண்டு உபாயங்கள் சொல்லப்பட்டன. புதிய இன்டர்நெட் எக்ஸ்புளோரரை நிறுவிக்கொண்டால், அதனோடு வரும் எழுத்துக்கோப்புக் கருவி உலாவிக்குள்ளாவது தமிழைக் கோக்கும் என்பது ஒன்று. மற்றது இயங்கு எழுத்துரு: பக்கத்தைத் திறக்கும்போதே எழுத்துருவும் கூடவே இறங்கிவிடும். இந்த இரண்டாவது வழியில் பலருக்கும் கைகொடுத்தது தேனீ எழுத்துரு. அதைச் செய்தவர் உமர்தம்பி. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில் கட்டுமாவடியைத் தாண்டி வடக்கே சென்றால் வரும் அதிராம்பட்டினத்துக்காரர். எழுத்துருவையும் யுனிகோடில் எழுதும் கருவிகளையும் இலவசமாகவே தந்தார். 2006-இல் மறைந்தார். அந்நாளில் யுனிகோடில் எழுதிய பலருடைய பக்கங்களின் தலைப்பகுதியில் தேனீயை அழைக்கும் இரண்டு வரிகள் இருக்கும். அந்த வடிவ எழுத்துருவை எக்ஸ்புளோரர் மட்டுமே அறியும்; பயர்பாக்ஸ் அறியாது.

பயர்பாக்ஸுக்கு வேறு நோய். பத்தியின் இருபுறமும் ஓரம் சீராக இருக்க வேண்டுமென்று இதழ்க்காரர்கள் விரும்புவது இயல்பு. அந்தக் கட்டளை இருந்தால் பயர்பாக்ஸின் பழைய பதிப்புகளில் சொற்கள் குறிகுறியாகச் சிதறின. கொம்பு ஒருபுறம், புள்ளி ஒருபுறம். எழுத்தாளர்கள் தங்கள் கணினி கெட்டதென்று எண்ணினார்கள். இடப்புறம் மட்டும் சீராக்குக என்று ஒரு சொல்லை மாற்றினால் தீர்ந்தது. 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில் நோயே நீங்கியது. இன்றும் பல தமிழ்ப் பக்கங்கள் வலப்புறம் ஒழுங்கற்று நிற்பதில் அக்காலத்துப் பழக்கம் ஓரளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். எனக்கு அந்த ஒழுங்கின்மைதான் படிக்க இதமாக உள்ளது.

கைப்பேசி வந்தபோது இதே கதை மறுபடியும் நடந்தது. ஓபரா மினி உலாவியின் உள்ளமைப்பில், சிக்கலான வரிவடிவங்களைப் படமாகக் காட்டு என்று ஒரு தெரிவு இருந்தது. அதைச் சொல்லித் தந்தவர்களுக்கு அன்று ஊரெல்லாம் நன்றி.

மேம்படுத்தல் எப்போதும் முன்னேற்றமாகவே அமையும் என்பதில்லை. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது லதாவும் விஜயாவும் வேண்டுவோர் மட்டும் சேர்த்துக்கொள்ளும் துணைத்தொகுப்புக்குப் போயின. நிர்மலா முன்னே வந்தது. லதாவில் அமைத்த ஆய்வேடுகளைப் புதிய கணினியில் திறந்தவர்களுக்கு வரி நகர்ந்தது, பக்கம் நகர்ந்தது, பொருளடக்கத்தின் பக்க எண்கள் பொய்த்தன. எழுத்து பிழைத்தது, பக்கம் பிழைக்கவில்லை. அமைப்புகளில் சென்று தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் பழைய நிலை திரும்பும்.

*

இனிக் கல்லுக்குத் திரும்புவோம். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யுனிகோடையும், அது பயன்படாத இடங்களுக்கென டேஸ்16 என்னும் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. நாளிதழ்களும் அலுவலகங்களும் மெல்ல மாறின. இனி எல்லாம் நலம் என்று தோன்றிய அந்நிலையில், ஒரு நிலக்கொடைக் கல்வெட்டைக் கணினியில் உள்ளிட முயல்பவர் என்ன கண்டிருப்பார்?

தமிழ் எண்களில் ௧ முதல் ௯ வரையும், ௰, ௱, ௲ ஆகியவையும் தொடக்கம் முதலே ஒருங்குறியில் உண்டு. நாள், திங்கள், ஆண்டு முதலிய குறிகள் 2003-இல் வந்தன. சுழியம் 2005-இல். பின்னங்கள் வரவில்லை. நம் கல்வெட்டுகளும் ஓலைகளும் நிலக்கணக்குகளும் பின்னங்களால் ஆனவை. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. நூற்றறுபதில் ஒன்று அரைக்காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அந்த முந்திரியையே முந்நூற்றிருபதாகப் பகுத்தது கீழ்முந்திரி. 1,02,400-இல் ஒரு பங்கு. வரி கட்டும் நிலத்தை இவ்வளவு நுணுக்கமாக அளந்த சமூகத்தின் குறிகளுக்குக் கணினியில் இடமில்லை. உள்ளிடுபவர் அடைப்புக்குறிக்குள் சொல்லாக எழுதினார். அல்லது இடம் விட்டுச் சென்றார்.

2019 மார்ச்சில் வந்த யுனிகோடின் 12ஆம் பதிப்பில் தமிழ்த் துணைப்பகுதி என்று 51 குறிகள் சேர்ந்தன. பின்னங்கள் மட்டுமல்ல, நெல், உழக்கு, குறுணி, பதக்கு, காசு, பணம், பொன், வராகன், குழி, வேலி ஆகியவற்றின் குறிகளும். அம்மன் காசு அடித்த ஊரில் காசுக் குறி வந்ததற்கு ஒருவரும் விழா எடுக்கவில்லை.

இவற்றுக்கு ஒதுக்கிய எண்கள் 73664-இல் தொடங்குகின்றன. இங்கேதான் இணையதளம் அமைப்பவரின் அன்றாட நுணுக்கம் ஒன்று வரலாற்றோடு மோதுகிறது. யுனிகோடின் முதல் தளம் 65535-உடன் முடிகிறது. அதற்குட்பட்ட எழுத்து ஒவ்வொன்றுக்கும் அதிகம் போனால் மூன்று பைட்டு. அப்பால் உள்ளவற்றுக்கு நான்கு. தமிழ் இணையதளங்களில் பெரும்பகுதி மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்தின்மேல் நிற்பவை. அதில் 'யுடிஎஃப்8' என்று பெயரிட்ட எழுத்துவகை மூன்று பைட்டுக்கு மேல் அறியாது. பெயர் முழுமையானது, பொருள் குறைபாடுடையது. நான்கு பைட்டு ஏற்கும் 'யுடிஎஃப்8எம்பி4' என்னும் வகை 2010-இல்தான் வந்தது. பழைய வகையில் அமைந்த அட்டவணையில், கண்டிப்பு முறை இல்லாதபோது, நான்கு பைட்டு எழுத்தொன்று வந்தால் அந்த எழுத்து மட்டும் விழுந்துபோகாது. அதிலிருந்து எஞ்சிய வாசகம் முழுவதும் அறுந்துபோகும். பெரிய பிழைச்செய்தியும் இல்லை. இறைவனுக்கு விட்ட நிலம் இவ்வளவு என்னும் இடத்தில் முந்திரிக் குறி வரும். அதற்குப்பின் எல்லைகள், சாட்சிகள், கையெழுத்துகள் ஒன்றுமே தரவுத்தளத்தில் இரா. கல் உடைந்தால் உடைந்த இடம் தெரியும். இங்கே அதுவும் தெரியாது.

வேர்ட்பிரஸ் 2015 ஏப்ரலில் தன் அட்டவணைகளை நான்கு பைட்டு வகைக்கு மாற்றத் தொடங்கியது. உலகம் முழுவதும் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது கைப்பேசியின் முகக்குறிகள். அவையும் 65535-க்கு அப்பால் உள்ளவை. சிரிப்பு முகங்களுக்குத் திறந்த கதவு வழியே முந்திரியும் காணியும் உள்ளே வந்தன. அதற்கு முன் நிறுவி, பின்னர் எவரும் தொடாத தளங்கள் இன்னும் பழைய வகையிலேயே இருக்கக்கூடும்.

முந்திரி மட்டுமன்று. சித்தன்னவாசலின் பிராமி 2010-இல் யுனிகோடில் சேர்ந்தது. தமிழ்-பிராமிக்கே உரிய புள்ளியும் குற்றெகர ஒகரமும் 2021-இல்தான் வந்தன. அவையும் எல்லைக்கு அப்பால். குடுமியான்மலை இசைக் கல்வெட்டு பல்லவ கிரந்தத்தில் பொறித்தது; சுரங்களை உயிரொலி மாற்றி எழுதிக்காட்டும் அரிய ஆவணம். கிரந்தம் யுனிகோடில் சேர்ந்தது 2014-இல். அதற்குமுன் 2010-இல், எ, ஒ, ழ, ற, ன என்னும் தமிழெழுத்துகளையும் கிரந்தத் தொகுதிக்குள் சேர்க்க வேண்டும் என்ற முன்மொழிவு எழுந்து, தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பு மூண்டது. மாநில அரசு நடுவணரசுக்கு எழுதியது. முடிவில் அந்த ஐந்தும் இல்லாமலே கிரந்தம் சேர்ந்தது. எதிர்ப்பு நியாயமானதென்றே கருதுகிறேன். ஒரே எழுத்துக்கு இரு இடங்கள் என்றால் தேடுதல் என்ன ஆகும் என்பதற்கு 'ஸ்ரீ' ஒன்றே சான்று. ஸகரத்தை வைத்து ஒன்று, 2005-இல் சேர்ந்த ஶகரத்தை வைத்து இன்னொன்று என அதற்கு இரண்டு எழுத்துக்கோவைகள். பல எழுத்துருக்களில் வடிவம் ஒன்றே. 'கோ'வைப்போல் இவ்விரண்டும் சமம் என்று விதியும் சொல்லவில்லை. 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கும் கல்வெட்டுகளைத் தேடுபவர் இரண்டு முறை தேட வேண்டும்.

*

பழைய கோப்புகளின் கதியைச் சொல்லி முடிக்கலாம். மதுரைத் திட்டத்தின் நூல்கள் திஸ்கியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றி ஏற்றப்பட்டன. ஓலையைப் பெயர்த்தெழுதுவதுபோல் யாரோ உட்கார்ந்து செய்த வேலை. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் முதலிய மாற்றிகள் அதற்குத் துணைநின்றன. சிறு நகரங்களில் நிலை வேறு. மலர்கள், சிற்றிதழ்கள், ஆய்வேடுகள் ஆகியவை தட்டச்சு நிலையங்களில் பேஜ்மேக்கரில் அமைக்கப்பட்டவை. அம்மென்பொருள் யுனிகோடை அறியாமலே 2000களின் தொடக்கத்தில் தன் கடைசிப் பதிப்பைக் கண்டது. அதன் கோப்பைத் திறக்கவே இன்று பழைய கணினி ஒன்றைத் தேட வேண்டும். திறந்தாலும், பாமினி வகைக் கோப்பை மாற்றியில் இட்டால் நடுவே வரும் ஆங்கில நூற்பெயர்களும் தமிழாக மாறிப் பொருளற்ற அசைகளாகும். கணினிக்கு இரண்டும் ஒரே எண்கள் அல்லவா. மேற்கோள் மிகுந்த ஆய்வேடே அதிகம் சிதைகிறது.

என் முதுகலைப் பட்ட ஆய்வேடு 2003-இல் அவ்வகை நிலையமொன்றில் அச்சானது. கல்வெட்டுகளில் நில அளவை பற்றியது. பின்னக் குறி எழுத்துருவில் இல்லையென்று தட்டச்சு செய்தவர் அந்தந்த இடத்தில் இடைவெளி விட்டுக் கொடுத்தார். மூன்று படிகளிலும் கறுப்பு மையால் நானே வரைந்து நிரப்பினேன். அண்மையில் அந்தக் கோப்பை யுனிகோடுக்கு மாற்றியபோது எழுத்துகள் பெரும்பாலும் சரியாக வந்தன. இடைவெளிகளும் இடைவெளிகளாகவே வந்தன. தாளைப் பார்த்து அவற்றை ஒவ்வொன்றாக நிரப்பி வருகிறேன். முந்திரிக்கு 73664, காணிக்கு 73666. திரையில் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ வரிசையில் தமிழ்த் துணைப்பகுதிக்கென உள்ள எழுத்துருவை இறக்கிக்கொள்ளலாம். எந்தத் தளத்திலாவது ஏற்றுவதற்கு முன், அதன் அட்டவணை எந்த வகை என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.